மாத்திரையா, ஆபரேஷனா: நாயின் பிட்யூட்டரிக் கட்டி திரும்ப வருமா என்று முன்கூட்டிப் பார்ப்பது

குஷிங் நோய் என்று பெயரைச் சொல்லி வாயை மூடுவதற்குள் வீட்டுக்காரர்கள் கேட்டுவிடுகிறார்கள்: "காலம் பூரா மாத்திரை எதுக்கு டாக்டர்? அந்தக் கட்டியவே எடுத்துட்டா என்ன?" முன்பெல்லாம் மதுரையில் இந்தக் கேள்வி வராது. இப்போது தெருவுக்கு ஒரு வீட்டுப் பிள்ளையாவது வெளிநாட்டில் இருக்கிறது. நாய்க்கும் மூளைக்கு அடியில் ஆபரேஷன் நடக்கிறது என்று அங்கிருந்து செய்தி வந்துவிடுகிறது. செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்ற வாக்கும் கூடவே வந்துவிடுகிறது. மிச்சமிருப்பது, எடுத்த கட்டி திரும்ப வருமா என்பதுதான்.

அந்தக் கேள்வியை நடுவில் வைத்து மாத்திரை, ஆபரேஷன், கதிர்வீச்சு மூன்றையும் நிறுத்துப் பார்க்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காரணம் பின்னால் வரும். எந்த நாய்க்கு ஆபரேஷன் நன்றாக நிலைக்குமோ, அந்த நாய் பெரும்பாலும் மாத்திரையிலும் நன்றாகவே ஓடும். எந்த நாய்க்கு மாத்திரை போதாமல் போகுமோ, அந்த நாய்க்குத்தான் ஆபரேஷனுக்குப் பிறகும் கட்டி திரும்புகிற வாய்ப்பு அதிகம். இரண்டு வகையையும் பிரித்துக் காட்டுவது கட்டியின் அளவு. ஆகவே கையில் இருக்கும் பணத்தில் முதல் ரூபாயைப் போடவேண்டிய இடம் தலை ஸ்கேன். விமான டிக்கெட்டுக்கு அப்புறம் வரலாம்.

நோய் என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிட்யூட்டரி சுரப்பி நாயின் மூளைக்கு அடியில், மண்டை ஓட்டின் ஒரு சின்னக் குழிக்குள் உட்கார்ந்திருக்கிறது. ஒரு மிளகு அளவுதான். அதில் கட்டி வந்து ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோனை ஓயாமல் விட, சிறுநீரகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அட்ரினல் சுரப்பிகள் கார்ட்டிசால் என்ற ஸ்டீராய்டு ஹார்மோனைக் கொட்டுகின்றன. நாய் தண்ணீரைக் குடித்துத் தீர்க்கும், ராத்திரி நாலு தடவை வெளியே விடச் சொல்லும், எவ்வளவு போட்டாலும் பசி அடங்காது, வயிறு தொங்கும், முதுகிலும் விலாவிலும் முடி கொட்டும், மாடிப்படி ஏற மூச்சு வாங்கும். நாய்களில் இயற்கையாக வரும் குஷிங் நோயில் நூற்றுக்கு 80 முதல் 85 வரை பிட்யூட்டரிக் கட்டியால் வருபவை. மிச்சம் பெரும்பாலும் அட்ரினலிலேயே கட்டி, அது வேறு கணக்கு.

இடையில் ஒரு வார்த்தை. நம் பக்கத்தில் தோல் அரிப்புக்கு மாதக்கணக்கில் ஸ்டீராய்டு ஊசி போட்டே இதே தோற்றத்துக்கு வந்த நாய்கள் நிறைய. பழைய சீட்டுகளையெல்லாம் ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்து வரச் சொல்லிவிட்டுத்தான் நான் அடுத்த சோதனைக்கே போவேன். அந்த நாய்க்கு மாத்திரையும் வேண்டாம், ஆபரேஷனும் வேண்டாம். ஊசியைப் படிப்படியாக நிறுத்தினால் போதும்.

ஆபரேஷன் விஷயத்தில் நம்பிப் பேசக்கூடிய எண்கள் நெதர்லாந்தில் உள்ள உட்ரெக்ட் பல்கலைக்கழகத்திலிருந்து வருகின்றன. அங்கே 1993 முதல் இந்த ஆபரேஷனை ஒரே குழு தொடர்ந்து செய்துவருகிறது. நாயைக் குப்புறப் படுக்கவைத்து வாயை அகலத் திறந்து, மென்மையான மேலண்ணத்தைக் கீறி, அதன் மேலிருக்கும் ஸ்பீனாய்டு எலும்பில் துளை போட்டு, சுரப்பியை அப்படியே எடுத்துவிடுகிறார்கள். மனிதர்களுக்குக் கட்டியை மட்டும் சுரண்டி எடுத்துச் சுரப்பியை விட்டுவைக்கப் பார்ப்பார்கள். நாய்க்கு முழுச் சுரப்பியுமே போகும். அப்படியிருந்தும் கட்டி திரும்புகிறது என்றால், குழியின் ஓரங்களில் கண்ணுக்குத் தப்பிய கொஞ்சம் செல்கள் ஒட்டிக்கொண்டிருந்து பிறகு வளர்ந்தன என்று பொருள்.

1993 முதல் 2014 வரை அங்கே ஆபரேஷன் ஆன 306 நாய்களின் கணக்கு வெளியாகியிருக்கிறது. நாலு வாரம் கழித்து 91 சதவீதம் உயிரோடு இருந்தன. அவற்றில் 92 சதவீதத்துக்கு நோய் அடங்கியிருந்தது. பிற்பாடு 27 சதவீதத்துக்கு நோய் திரும்பியது. திரும்பியவற்றில் பாதிக்கு 555 நாளுக்குள், அதாவது ஏறக்குறைய ஒன்றரை வருஷத்துக்குள், திரும்பிவிட்டது; இதைத்தான் நடுமதிப்பு என்பார்கள். நூறு நாய் மேஜைக்குப் போனதாக வைத்துக்கொண்டால், ஒன்பது நாய் முதல் மாதத்தைத் தாண்டவில்லை. 84 நாய்க்கு நோய் அடங்கியது. அந்த 84-ல் சுமார் 23-க்கு மறுபடி வந்தது. மறுபடி வராமல் இருந்தவை அறுபது சொச்சம். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளிடம் நான் இந்த வடிவத்தில்தான் சொல்வேன். சதவீதமாகச் சொன்னால் "92 பர்சென்ட் சக்ஸஸ்" என்பது மட்டும் காதில் விழுகிறது.

அதே குழு 2005-ல் 150 நாய்களை வைத்து வெளியிட்ட கணக்கு இன்னொன்றைக் காட்டுகிறது. நோய் அடங்கிய நாய்களில், முதல் வருஷ முடிவில் 88 சதவீதம் திரும்பாமல் இருந்தன. இரண்டாம் வருஷம் 75, மூன்றாம் வருஷம் 66, நாலாம் வருஷம் 58. இறக்கம் எங்கேயும் நிற்கவில்லை பாருங்கள். மனிதப் புற்றுநோயில் "ஐந்து வருஷம் தாண்டிட்டா பயமில்ல" என்று கேட்டுப் பழகியவர்கள், நாய்க்கு ஒரு வருஷம் சரியாக இருந்துவிட்டது என்றதும் சோதனையை நிறுத்திவிடுகிறார்கள். இந்தக் கட்டிக்கு அப்படி ஒரு எல்லைக்கோடு இல்லை. நாலு வருஷம் நன்றாக இருந்த நாயையும் சோதித்துக்கொண்டுதான் இருக்கவேண்டும்.

எந்த நாய்க்குத் திரும்பும்?

306 நாய்களில் நோய் திரும்பியவற்றை மற்றவற்றோடு ஒப்பிட்டபோது இரண்டு விஷயம் தனியாகத் தெரிந்தது. ஆபரேஷனுக்கு முன்பே அவற்றின் பிட்யூட்டரி பெரிதாக இருந்தது. சிறுநீரில் கார்ட்டிசால் அளவும் கூடுதலாக இருந்தது. 2007-ல் வந்த முந்தைய ஆய்வு ஒன்று இவற்றோடு வேறு இரண்டையும் சேர்த்திருந்தது: ஸ்பீனாய்டு எலும்பின் கனம், ரத்தத்தில் ஆல்பா எம்.எஸ்.எச். என்ற ஹார்மோனின் அளவு. நான்குமே நோய் திரும்பும் வாய்ப்பைக் கூட்டின. ஆனால் மதுரையில் உட்கார்ந்து முடிவெடுப்பவருக்கு இந்த நான்கும் ஒரே எடை உள்ளவை அல்ல.

முதலில் அளவு. சுரப்பி எத்தனை மில்லிமீட்டர் உயரம் என்பதை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம், ஏனென்றால் லேப்ரடாருக்கு இயல்பாக இருக்கிற உயரம் குட்டைக்கால் டாஷன்டுக்குப் பெரிது. அதனால் சுரப்பியின் உயரத்தை மூளையின் குறுக்குவெட்டுப் பரப்பால் வகுக்கிறார்கள். உயரம் மில்லிமீட்டரில், பரப்பு சதுர மில்லிமீட்டரில், விடையை நூறால் பெருக்கவேண்டும். 0.31-ஐத் தாண்டினால் சுரப்பி பெரிதாகியிருக்கிறது என்று அர்த்தம். உதாரணத்துக்கு இரண்டு நாய்க்கும் சுரப்பி 5 மில்லிமீட்டர் உயரம் என்று வைப்போம். மூளைப் பரப்பு 1,400 உள்ள சின்ன நாய்க்கு விடை 0.36, பெரிதாகிவிட்டது. 1,900 உள்ள பெரிய நாய்க்கு 0.26, இயல்பு. ரிப்போர்ட்டில் "பிட்யூட்டரி 5 மி.மீ." என்று மட்டும் எழுதிக் கொடுத்தால், மூளைப் பரப்பையும் அதே படத்தில் அளந்து தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். ஐந்து நிமிஷ வேலை. இது இல்லாத ரிப்போர்ட் நம் முடிவுக்குப் பாதிதான் உதவும்.

0.31-க்குக் கீழே இருந்தால் கட்டி இல்லை என்று அர்த்தமில்லை. சின்னக் கட்டி சுரப்பியின் உள்ளேயே அடங்கியிருக்கலாம். உட்ரெக்ட் கணக்கில் இந்த வகை நாய்கள்தான் ஆபரேஷனுக்குப் பிறகு நீண்ட நாள் நோயில்லாமல் இருந்தன. ஆனால் இதே நாய்க்கு மாத்திரையும் நன்றாக வேலை செய்யும். கட்டி மூளையை அழுத்துகிற நிலையில் இல்லை. கார்ட்டிசாலை அடக்கினால் வீட்டில் பாதித் தொல்லை தீர்ந்தது. நோய் திரும்பாது என்ற நம்பிக்கை அதிகமாக உள்ள இடத்தில் ஆபரேஷனின் தேவை குறைவாக இருக்கிறது. இதை ஒருமுறை புரியவைத்துவிட்டால் பாதிக் குடும்பங்கள் விமானப் பேச்சை விட்டுவிடும்.

அடுத்தது சிறுநீர்க் கணக்கு. சிறுநீரில் உள்ள கார்ட்டிசாலுக்கும், கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருளுக்கும் உள்ள விகிதம். இது மதுரையிலேயே முடிகிற காரியம் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். காலையில் முதல் சிறுநீர், அடுத்தடுத்து இரண்டு நாள், வீட்டிலேயே பிடிக்கவேண்டும். ஆஸ்பத்திரிக்கு வந்து ஊசி போட்டுக்கொண்டு, காரில் உட்கார்ந்து நடுங்கிய நாயின் சிறுநீரில் கார்ட்டிசால் தானாகவே ஏறியிருக்கும், அதனால் அந்த நாளிலும் மறுநாளிலும் வேண்டாம். உயரமான ஆண் நாய்க்குக் குழிக்கரண்டியை நீட்டினால் போதும். டாஷன்டு பெண் நாய் உட்கார்ந்தால் தரைக்கும் அதற்கும் இரண்டு விரல்கூட இடைவெளி இருக்காது. டிபன் பாக்ஸ் மூடியைச் சத்தமில்லாமல் பின்னாலிருந்து தள்ளவேண்டும். ஒருவர் முன்னால் சங்கிலியைப் பிடித்துப் பேச்சுக் கொடுக்க, இன்னொருவர் குனிந்தால் நடக்கும். சோப்பு வாடை இல்லாமல் மூடியைக் கழுவிக் காயவையுங்கள். பிடித்ததை ஊசியில்லாத சிரிஞ்சில் உறிஞ்சி பாட்டிலில் போட்டு ஃபிரிஜ்ஜில் வைத்துவிடலாம். சாம்பார் பக்கத்தில் வேண்டாம் என்று அம்மாக்கள் சண்டை போடுவார்கள், அதற்கு என்னிடம் மருந்தில்லை.

மனிதர்களுக்கான லேபில் கொடுத்தால், டெசிலிட்டருக்கு இத்தனை என்று கார்ட்டிசாலை மைக்ரோகிராமிலும் கிரியாட்டினினை மில்லிகிராமிலும் தருவார்கள். கார்ட்டிசாலை 27.6-ஆல் பெருக்கினால் லிட்டருக்கு நானோமோல் வரும். கிரியாட்டினினை 88.4-ஆல் பெருக்கினால் மைக்ரோமோல் வரும். முதலதை இரண்டாவதால் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால், கால்நடை மருத்துவ நூல்களில் பத்து லட்சத்தில் இத்தனை என்று போடுகிற எண் கிடைக்கும். கார்ட்டிசால் 10, கிரியாட்டினின் 100 என்றால் விடை 31. லேபுக்கு லேப் முறை மாறும் என்பதால், ஒரு நாய்க்கு ஆரம்பித்த லேபிலேயே கடைசிவரை செய்யுங்கள். நமக்கு வேண்டியது ஒரு எண்ணைவிட அந்த எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதுதான்.

ஆல்பா எம்.எஸ்.எச். நம் ஊர் நாய்க்கு அவ்வளவு பயன்படாது. அறிவியலாகப் பார்த்தால் சுவையான விஷயம்தான்: பிட்யூட்டரியின் நடுப்பகுதியில் தோன்றும் கட்டிகள் இந்த ஹார்மோனைக் கூடுதலாக விடும். ஆனால் மாதிரி எடுப்பதுதான் பாடு. ஏ.சி.டி.எச்.-க்கும் இதே கதை. குளிரவைத்த குழாயில் எடுத்து, உடனே சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரித்து, உறையவைத்து, உறைந்தபடியே லேபுக்குப் போய்ச் சேரவேண்டும். சித்திரை வெயிலில் மாட்டுத்தாவணி பஸ் பார்சலில் போன குழாயில் ஹார்மோன் சிதைந்து, அளவு பொய்யாகக் குறைந்து வரும். ஏ.சி.டி.எச். குறைவாக இருக்கிறது, அப்படியானால் கட்டி அட்ரினலில்தான் என்று ரிப்போர்ட் திசை மாறிவிடும். வயிற்று ஸ்கேனில் இரண்டு அட்ரினலும் சமமாகப் பருத்திருப்பது தெரிந்தால், அதுவே எனக்கு இந்த ரத்தச் சோதனையைவிடத் தெம்பு தருகிறது.

எலும்பின் கனத்தை நாம் தனியாகத் தேடவேண்டியதில்லை. தலை சி.டி. எடுத்தால் அதிலேயே தெரியும், அறுக்கப் போகிறவர் பார்த்துக்கொள்வார்.

இந்தக் கணிப்புகளைப் பற்றி என் எண்ணம் ஒன்று உண்டு. இவை கூட்டத்தைப் பற்றி நன்றாகப் பேசும். உங்கள் வீட்டு நாயைப் பற்றிச் சத்தியம் செய்து தராது. பெரிய கட்டியுள்ள நாய்க்குத் திரும்பாமலே போனதும் உண்டு, சின்னக் கட்டிக்குத் திரும்பியதும் உண்டு. அறுக்கலாமா வேண்டாமா என்பதைவிட, அறுத்த பிறகு எத்தனை மாதத்துக்கு ஒருமுறை சிறுநீரைப் பார்ப்பது என்பதை முடிவுசெய்யவே இவை அதிகம் உதவுகின்றன. முதல் சோதனை ஆறு முதல் எட்டு வாரத்தில். அதற்குப் பிறகு சின்னச் சுரப்பியாக இருந்த நாய்க்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை போதும். 0.31-ஐ நன்றாகத் தாண்டிய நாய்க்கு மூன்று மாதம் என்று நான் வைப்பேன். தண்ணீர் குடிப்பது கூடுவதற்கு முன்பே சிறுநீர்க் கணக்கு ஏற ஆரம்பித்துவிடும் என்பதுதான் இந்தச் சோதனையின் பலம்.

மாத்திரைப் பக்கம்

குஷிங் நோய்க்குக் கொடுக்கிற டிரைலோஸ்டேன் மாத்திரை பிட்யூட்டரியைத் தொடாது. அட்ரினலில் கார்ட்டிசால் உண்டாவதைத் தடுக்கும், அவ்வளவே. அதனால் "திரும்ப வருமா" என்ற கேள்வியே இங்கே பொருந்தாது. கட்டி அங்கேயேதான் இருக்கிறது. கேட்கவேண்டியது வளருமா என்று. சின்னக் கட்டி பல வருஷம் அப்படியே கிடக்கலாம். ஏற்கெனவே பெரிதாக உள்ளது மூளையை அழுத்தத் தொடங்கலாம், அதை மாத்திரை தடுக்காது.

இங்கிலாந்தில் 2005-ல் வெளியான ஒரு கணக்கில் டிரைலோஸ்டேன் சாப்பிட்ட 123 நாய்களின் ஆயுள் நடுமதிப்பு 662 நாள். உட்ரெக்டில் ஆபரேஷன் ஆன நாய்களுக்கு 781 நாள். இரண்டையும் பக்கத்தில் வைத்து, "வித்தியாசம் நாலு மாசந்தான்" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் சொல்லக்கூடாது. இரண்டும் வெவ்வேறு நாட்டில், வெவ்வேறு மாதிரி நாய்கள். ஆபரேஷனுக்குப் போனவற்றில் பெரிய கட்டிகளும் இருந்தன. வருஷம் போகப்போக இன்னும் பெரிய கட்டிகளைத்தான் அங்கே கொண்டுவந்தார்கள். அந்த எண்கள் எனக்குச் சொல்வது ஒன்றுதான்: மாத்திரை என்பது கையாலாகாதவர்களின் வழி இல்லை. வயதான நாய்க்கு இரண்டு வருஷம் சின்ன காலமும் இல்லை.

மாத்திரைக்குச் சாப்பாடு முக்கியம், வெறும் வயிற்றில் கொடுத்தால் சரியாக உடம்பில் சேராது. ஆரம்பித்த இரண்டு வாரத்திலும், பிறகு ஒரு மாதத்திலும், அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் ரத்தம் பார்க்கவேண்டும். எந்நேரமும் பசி என்று அலைந்த நாய் ஒருநாள் தட்டை முகர்ந்துவிட்டு நகர்ந்தால், வீட்டில் "பாவம், வயிறு சரியாயிருச்சு" என்று சந்தோஷப்படுவார்கள். அதுதான் ஆபத்தான நேரம். மருந்து கூடிப்போய் கார்ட்டிசால் தரைமட்டத்துக்கு இறங்கியிருக்கலாம். வாந்தி, பேதி, தள்ளாட்டம் கூட வரும். மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே கூட்டி வரவேண்டும். ரத்தத்தில் கார்ட்டிசால் சரியாக இருந்தும் நாய் சாப்பிடவில்லை, மந்தமாக மூலையில் நிற்கிறது, ஒரே பக்கமாகச் சுற்றுகிறது, சுவரில் தலையை முட்டுக்கொடுத்து நிற்கிறது என்றால், கட்டி வளர்ந்திருக்கலாம். முதல் காரணத்துக்கு மாத்திரையைக் குறைத்தால் சரியாகும், இரண்டாவதற்குக் குறைத்து ஒரு பலனும் இல்லை.

கதிர்வீச்சைப் பற்றிச் சீக்கிரமே சொல்லிவிடலாம். பெரிய கட்டியைச் சுருக்கி மூளை அழுத்தத்தைக் குறைக்க நல்ல வழி. கார்ட்டிசால் குறைவது மெதுவாகத்தான், சில நாய்க்குக் குறையாமலும் போகும், அதனால் மாத்திரை தொடரும். ஒவ்வொரு அமர்வுக்கும் மயக்க மருந்து வேண்டும். மதுரையில் இருப்பவருக்கு இது நடைமுறையில் எட்டாத தூரம். நாயோடு வெளிநாட்டில் குடியிருப்பவர்களுக்கு மட்டும் யோசிக்கத் தக்கது.

இரண்டு நாய்கள்

கே.கே. நகரில் ஒரு டாஷன்டு, பெயர் மணி, பத்து வயசு. வீட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியரும் அவர் மனைவியும் மட்டும். மகள் நெதர்லாந்தில், உட்ரெக்டிலிருந்து ரயிலில் போய்வரும் தூரத்தில். போனில் அவர் தெளிவாகத்தான் பேசினார். "அப்பா ராத்திரி தூங்குறதே இல்ல டாக்டர், அதுகூடவே அங்கிட்டும் இங்கிட்டும் நடந்துக்கிட்டு இருக்காங்க. நான் இங்க வச்சு முழுசாப் பாத்துக்கிறேன்." சி.டி. எடுத்ததில் 0.29.

திருமங்கலம் பக்கம் இன்னொன்று, லேப்ரடார், ஆறு வயசு. குஷிங் நோயின் அடையாளங்கள் எல்லாம் இருந்தன, மூளைத் தொந்தரவு எதுவும் இன்னும் இல்லை. சுரப்பி–மூளை விகிதம் 0.47.

மணிக்கு ஆபரேஷன் செய்தால் திரும்பாமல் இருக்கும் வாய்ப்பு லேப்ரடாரைவிட நிச்சயம் மேல். இருந்தும் மணிக்கு மாத்திரை என்றும், யோசிக்கவேண்டுமானால் லேப்ரடாரை யோசியுங்கள் என்றும்தான் சொன்னேன். ஆறு வயசு நாய்க்கு முன்னால் ஐந்தாறு வருஷம் இருக்கிறது. 0.47 கட்டி அத்தனை வருஷம் சும்மா இருக்கும் என்று மாத்திரையை நம்பி விட முடியாது. ஆபரேஷன் செய்து ஒன்றரை வருஷத்தில் நோய் திரும்பினாலும், அந்தக் கட்டி மறுபடி மூளையை அழுத்துகிற அளவுக்கு வருவதற்குள் கூடுதல் காலம் கிடைக்கும். திரும்பிய பிறகு மாத்திரையும் இருக்கவே இருக்கிறது. பெரிய கட்டிகளின் பலனும் அனுபவம் கூடக் கூட முன்னேறியிருக்கிறது என்று உட்ரெக்ட் கணக்கே சொல்கிறது. நோய் திரும்பும் வாய்ப்பு கூடுதலாக இருப்பதாலேயே ஆபரேஷன் வேண்டாம் என்று ஆகிவிடாது. மாத்திரையில் அந்த நாய்க்கு என்ன ஆகும் என்பதோடு வைத்துப் பார்க்கவேண்டும்.

மணியின் விஷயத்தில் ஆசிரியரின் மனைவி கேட்டதுதான் பேச்சை முடித்தது. "அங்க கொண்டுபோனா எங்களுக்குப் பாக்க முடியுமா?" உடனே கொண்டுபோகவும் முடியாது. இந்தியாவிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நாய் போக மைக்ரோசிப், வெறிநாய்த் தடுப்பூசி, அதற்கு முப்பது நாளாவது கழித்து எடுத்த ரத்தத்தில் தடுப்புச் சக்தி 0.5 அலகாவது இருக்கவேண்டும், ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதக் காத்திருப்பு. ஒன்றும் தவறாமல் நடந்தால் நாலு மாதம். அந்த நாலு மாதமும் எப்படியும் மாத்திரைதான். மாத்திரையில் மணி ஆறாவது வாரமே ராத்திரி எழுப்புவதை நிறுத்திவிட்டது.

ஸ்கேனுக்கே சென்னை வரை போகவேண்டியிருப்பதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. பாண்டியன் எக்ஸ்பிரஸ் ரயிலில் முதல் வகுப்பு ஏ.சி.யில் கூபே முழுவதையும் எடுத்தால்தான் நாயைக் கூட வைத்துக்கொள்ளலாம். மற்றபடி கார்தான், 460 கிலோமீட்டர். குஷிங் நாய்க்கு நடுவில் நாலைந்து இடத்தில் நிறுத்தித் தண்ணீர் காட்டவேண்டும். ஸ்கேனுக்கு முழு மயக்கம் தேவை. இத்தனையும் சேர்த்து யோசித்தால், பதின்மூன்று வயசு நாய், மூளைத் தொந்தரவு இல்லை, எந்த நிலையிலும் ஆபரேஷனுக்கு அனுப்பப் போவதில்லை என்று குடும்பம் தீர்மானித்துவிட்டது என்றால், ஸ்கேனை விட்டுவிட்டு மாத்திரையைத் தொடங்குவதில் தப்பில்லை. மற்ற எல்லோருக்கும் ஸ்கேன் முதலில்.

ஆபரேஷனுக்கு அனுப்புகிறவர்கள் அதன் பிறகு வீட்டில் என்ன வேலை இருக்கும் என்பதையும் கேட்டுக்கொள்ளவேண்டும். முழுச் சுரப்பி போய்விட்டதால், கார்ட்டிசாலை ஈடுகட்டும் கார்ட்டிசோனும் தைராய்டு மாத்திரையும் காலம் பூரா உண்டு. "மாத்திரையே வேண்டாம்னுதான ஆபரேஷன்" என்று நினைத்தவர்களுக்கு இது அதிர்ச்சி. முதல் சில வாரங்களுக்கு, சில நாய்க்கு இன்னும் நீண்ட நாளுக்கு, டெஸ்மோபிரெசின் சொட்டு மருந்தைக் கண்ணில் விடவேண்டும், இல்லாவிட்டால் உடம்புத் தண்ணீர் சிறுநீராக ஓடிவிடும். மே மாதத்து மதுரையில் அந்த நிலையில் ஒரு நாயைத் தண்ணீர்க் கிண்ணம் காலியாக விட்டு வீட்டில் பூட்டிவிட்டுக் கல்யாணத்துக்குப் போகமுடியாது. கண்ணீர் சுரப்பதும் குறையலாம், கண் காய்கிறதா என்று பார்க்கவேண்டும். கார்ட்டிசோனை நம்பி இருக்கிற நாய்க்குப் பயமும் அதிர்ச்சியும் வந்தால் உடம்பு தானாகக் கூட்டிச் சுரக்க வழியில்லை, அதனால் தீபாவளி வெடிச் சத்தத்துக்கு முன்பே அளவைக் கூட்டுவது பற்றி டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சிறுநீர்ச் சோதனைக்கும் இந்தக் கார்ட்டிசோன் குறுக்கே நிற்கும். எந்த வேளையைத் தள்ளிவைத்து மாதிரி எடுப்பது என்பதைக் கேட்டுத்தான் செய்யவேண்டும், நீங்களாகவே நிறுத்தினால் நாய் சுருண்டு விழுந்துவிடும்.

நோய் திரும்பியது உறுதியானால் முதல் வேலை கார்ட்டிசோன் மாத்திரையை டாக்டர் சொல்கிறபடி குறைத்து நிறுத்துவது. உடம்பே வேண்டியதற்கு மேல் சுரக்க ஆரம்பித்துவிட்டது. தைராய்டு மாத்திரை நிற்காது. பிறகு மறுபடி தலை ஸ்கேன். கட்டி சின்னதாக இருந்தால் டிரைலோஸ்டேன். பெரிதாக, எட்டக்கூடிய இடத்தில் இருந்தால் இரண்டாவது ஆபரேஷன், இல்லாவிட்டால் கதிர்வீச்சு. லேப்ரடார் வீட்டில் இன்னும் முடிவெடுக்கவில்லை. வெறிநாய்த் தடுப்புச் சோதனைக்கு ரத்தம் மட்டும் கொடுத்து வைத்திருக்கிறார்கள், அதற்குள் மாத்திரை ஓடுகிறது.